நனைந்த ஷூவும் நான் செய்த தவறும்



நேற்று மாலை பேரன் மழையில் தொப்பலாக நனைந்து வந்தான். ஷூவைக் கவிழ்த்தால் அரை டம்ளர் தண்ணீர்! மறுநாள் காலை அதையேதான் போட்டுக்கொண்டு போக வேண்டும். மருமகள் அதை அடுப்புப் பக்கம் கொண்டுபோனாள். "வேண்டாம்மா, இங்கே கொடு" என்று வாங்கிக்கொண்டேன்.

சூடு பட்டால் ஒட்டியிருக்கும் பசை இளகிவிடும். தோல் ஷூ என்றால் சுருங்கி, விறைத்து, வெடித்துவிடும். நாடாவைக் கழற்றி, உள் அட்டையைத் தனியே எடுத்து, பழைய செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்தேன். தாள் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை தாளை மாற்றி, இரவு மின்விசிறிக்கு அடியில் சாய்த்து வைத்தேன். காலையில் போட்டுக்கொள்ளும் பதத்துக்கு வந்துவிட்டது.

"இதெல்லாம் யார் பாட்டி கண்டுபிடிச்சா?" என்றான் பேரன். பாடம் எடுக்க ஆள் கிடைத்தால் விடுவேனா?

ஐரோப்பாவின் வடகோடியில் சாமி என்றொரு இனத்தார் வாழ்கிறார்கள். (நாம் கும்பிடும் சாமி இல்லை!) கலைமான் தோலால் செய்த காலணிக்குள் அவர்கள் காலுறைக்குப் பதிலாக உலர்ந்த கோரை வகைப் புல்லைத் திணித்துக்கொள்வார்கள். வியர்வையையும் ஈரத்தையும் புல் வாங்கிக்கொள்ளும். இரவில் அதை வெளியே எடுத்து உலர்த்திவிட்டு, காலையில் மறுபடி திணித்துக்கொள்வார்கள். 1888-இல் நார்வே நாட்டு நான்சென் கிரீன்லாந்தின் பனிப்பரப்பைக் கடந்தார். அந்த ஆறு பேர் குழுவில் இருவர் சாமி இனத்தார். நம் செய்தித்தாள் வேலையை அங்கே புல் செய்திருக்கிறது.

அடுத்து 1914-இன் குளிர்காலத்துக்கு வருவோம். முதல் உலகப் போர். பிரான்சிலும் பெல்ஜியத்திலும் பதுங்குகுழிகளில் சேற்றுத் தண்ணீர். நம் நாட்டிலிருந்து போன லாகூர், மீரட் படைப்பிரிவு வீரர்களும் அந்தக் குளிரில் நின்றார்கள். பூட்ஸைக் கழற்ற நேரமில்லை, காயவைக்க இடமில்லை. நாள்கணக்கில் ஈரத்திலேயே இருந்த பாதம் மரத்துப்போய், வீங்கி, சிலருக்கு அழுகவும் செய்தது. 'ட்ரெஞ்ச் ஃபுட்', அதாவது பதுங்குகுழிப் பாதம் என்று இதற்குப் பெயர். அந்த ஒரு குளிர்காலத்தில் பிரிட்டிஷ் படையில் மட்டும் சுமார் 20,000 பேர் பாதிக்கப்பட்டார்கள்.

மேலதிகாரிகள் இதை ஒழுங்கு சம்பந்தப்பட்ட விஷயமாகவும் பார்த்தார்கள். ஆனால் உத்தரவு போட்டால் மட்டும் கால் காய்ந்துவிடுமா? உணவோடு சேர்த்து உலர்ந்த காலுறைகளையும் அனுப்பினார்கள். வீரர்களை இருவர் இருவராகச் சேர்த்து, ஒருவர் காலை மற்றவர் துடைத்துத் திமிங்கில எண்ணெய் தேய்த்துவிடச் சொன்னார்கள். குழியின் அடியில் பலகை போட்டார்கள். முறை வைத்துப் படைகளைப் பின்னால் அழைத்துக்கொண்டார்கள். அதன் பிறகுதான் பாதிப்பு குறைந்தது.

பேரனுக்கு இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்குத் தொண்டை அடைத்தது. முப்பது வருடத்துக்கு முந்தைய ஒரு கார்த்திகை மாதம். மூன்று நாள் அடைமழை. திங்கட்கிழமை என்றால் வெள்ளை கேன்வாஸ் ஷூ கட்டாயம். ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் வெறுங்காலோடு வந்தான். காரணம் கேட்காமல் வாசலில் நிறுத்திவிட்டேன். மதியம்தான் சொன்னான்: "ஒரு ஜோடிதான் டீச்சர். அம்மா அடுப்புல காயவச்சாங்க. கருகிடுச்சு."

போர்க்களத்துப் படைத்தலைவர்கள் சேற்றில் நின்றவனைக் குறை சொன்னதைப் பல வருடம் வகுப்பில் கண்டித்துப் பேசியவள் நான். என் வகுப்பு வாசலிலேயே அதைச் செய்தது அன்று உறைக்கவில்லை. அந்தப் பையன் இதைப் படிக்க நேர்ந்தால், அப்பா, இந்த டீச்சரை மன்னித்துவிடு.

உங்களில் பலர் இன்று ஆசிரியர்கள், பெற்றோர்கள். மழைநாளில் ஒரு பிள்ளை செருப்போடு வந்தால், முதலில் "ஷூ காயலையா கண்ணு?" என்று கேளுங்கள். முடிந்தவர்கள், இல்லாத பிள்ளை ஒன்றுக்கு இன்னொரு ஜோடி வாங்கிக் கொடுங்கள்.

உங்கள் வீட்டில் நனைந்த ஷூவை எப்படிக் காயவைப்பீர்கள்? கீழே எழுதுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்