பெண்கள் போர்முனைக்குப் போகலாமா? இந்திய ராணுவத்தில் எந்தக் கதவு திறந்திருக்கு, எது இன்னும் மூடியிருக்கு?

பெண்கள் ரஃபேல் போர் விமானம் ஓட்டுகிறார்கள். சியாச்சின் பனிமலையில் பணியாற்றுகிறார்கள். பீரங்கிப் படையிலும் சேர்ந்துவிட்டார்கள். ஆனால், துப்பாக்கியோடு எல்லையில் முதல் வரிசையில் நிற்கும் காலாட்படையில் இன்றுவரை பெண்களுக்கு இடமில்லை.

2025 மே மாதம் ஆபரேஷன் சிந்தூர் குறித்து நாட்டுக்கு விளக்கம் அளித்தவர்கள் கர்னல் சோஃபியா குரேஷியும், விங் கமாண்டர் வியோமிகா சிங்கும்தான். அதைப் பார்த்த பல மாணவிகளுக்கு எழுந்த கேள்வி: "நாமளும் சேரலாமா? சேர்ந்தா சண்டைக்கு அனுப்புவாங்களா?"

விதி என்ன சொல்கிறது, நீதிமன்றம் என்ன சொன்னது, கல்லிடைக்குறிச்சி போன்ற ஊரில் பிளஸ் டூ படிக்கும் ஒரு மாணவிக்கு என்ன வழி இருக்கிறது? விரிவாகப் பார்க்கலாம்.

சட்டம் என்ன சொல்லுது?

1950-ம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 12-வது பிரிவுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. பெண்கள் ராணுவத்தில் சேரத் தகுதியில்லை. ஆனால், மத்திய அரசு அறிவிக்கை மூலம் குறிப்பிடும் பிரிவுகளில் மட்டும் சேரலாம் என்கிறது அந்தப் பிரிவு.

அதாவது, ஆண்களுக்கு எல்லாப் பிரிவும் இயல்பாகவே திறந்திருக்கிறது. பெண்களுக்கு ஒவ்வொரு பிரிவையும் அரசு தனித்தனியாகத் திறக்க வேண்டும். கடந்த 30 ஆண்டுகளாக நடப்பது இந்தக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறக்கும் கதைதான்.

எப்போ ஆரம்பிச்சது?

ராணுவச் செவிலியர் பணி 1888-லேயே தொடங்கிவிட்டது. மருத்துவம் சாராத பிரிவுகளில் பெண் அதிகாரிகள் வந்தது 1992-ல். அதற்கான முதல் பயிற்சி நடந்த இடம் தமிழ்நாடுதான். சென்னை பரங்கிமலையில் உள்ள ஓடிஏ எனும் அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் 25 பெண்கள் சேர்ந்தனர். 1993 மார்ச்சில் அதிகாரிகளாக வெளியே வந்தனர்.

அப்போது அவர்களுக்குக் கிடைத்தது 5 ஆண்டுப் பணி மட்டுமே. பிறகு இது படிப்படியாக 14 ஆண்டுகள் வரை நீண்டது. பிரச்சினை என்னவென்றால், அதிகாரிகளுக்கு ஓய்வூதியம் கிடைக்க 20 ஆண்டுகள் பணி தேவை. 14 ஆண்டுகள் உழைத்துவிட்டு, முப்பதுகளின் இறுதியில் ஓய்வூதியம் இல்லாமல் வீடு திரும்ப வேண்டிய நிலை பல பெண்களுக்கு ஏற்பட்டது.

நீதிமன்றம் போன கதை

ஆண்களைப் போலவே நிரந்தரப் பணி வேண்டும் என்று பெண் அதிகாரிகள் வழக்குத் தொடர்ந்தனர். 2010-ல் டெல்லி உயர் நீதிமன்றம் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. மத்திய அரசு மேல்முறையீடு செய்தது.

2020 பிப்ரவரி 17: உச்ச நீதிமன்றத்தின் முக்கியத் தீர்ப்பு வந்தது. நீதிபதிகள் டி.ஒய்.சந்திரசூட், அஜய் ரஸ்தோகி அமர்வு, 10 பிரிவுகளில் பெண்களுக்கு நிரந்தரப் பணி வழங்க உத்தரவிட்டது. கிராமப் பின்னணியிலிருந்து வரும் ஜவான்கள் பெண் அதிகாரியின் கட்டளையை ஏற்கும் மனநிலையில் இல்லை என்ற வாதத்தை நீதிமன்றம் நிராகரித்தது. பெண்கள் படைப்பிரிவுகளுக்குத் தலைமை ஏற்பதற்கு இருந்த முழுத் தடையும் செல்லாது என்றது. அடுத்த மாதமே கடற்படைக்கும் இதேபோன்ற தீர்ப்பு வந்தது.

2021 மார்ச்: நிரந்தரப் பணிக்கு ராணுவம் பயன்படுத்திய மதிப்பீட்டு முறையே பெண்களுக்குப் பாகுபாடு காட்டுவதாக உச்ச நீதிமன்றம் கூறியது. இளம் வயது ஆண் அதிகாரிகளுக்கான உடற்தகுதி அளவுகோலை, பல ஆண்டுகள் பணியாற்றிய பெண்களுக்கு அப்படியே பொருத்தியதுதான் காரணம்.

2021 ஆகஸ்ட்: என்டிஏ எனும் தேசிய பாதுகாப்பு அகாடமியின் நுழைவுத் தேர்வைப் பெண்களும் எழுதலாம் என இடைக்கால உத்தரவு வந்தது. 2022-ல் முதல் பெண்கள் அணி புனே அருகே கடக்வாஸ்லாவில் சேர்ந்தது. 2025 மே 30-ல் 17 பெண்கள் படிப்பை முடித்து வெளியே வந்தனர்.

2025 ஆகஸ்ட்: ராணுவத்தின் சட்டப் பிரிவில் ஆண்களுக்கு 6, பெண்களுக்கு 3 என இடங்களைப் பிரித்தது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு பிரிவைப் பெண்களுக்குத் திறந்துவிட்ட பிறகு, அதில் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வைக்க முடியாது என்பது இதன் சாரம்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2020 தீர்ப்பு நேரடிப் போர்ப் பிரிவுகளைத் தொடவில்லை. அது அந்த வழக்கின் கேள்வியே அல்ல என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இப்போ எங்கே சேரலாம்?

விமானப்படை: மூன்று படைகளில் முன்னணியில் இருப்பது இதுதான். 2016 ஜூனில் அவனி சதுர்வேதி, பாவனா காந்த், மோகனா சிங் ஆகிய மூவரும் முதல் பெண் போர் விமானிகளாகப் பணியில் சேர்ந்தனர். சோதனை முயற்சியாகத் தொடங்கிய இந்தத் திட்டம் 2022-ல் நிரந்தரமாக்கப்பட்டது. ரஃபேல் விமானத்தை ஓட்டும் முதல் பெண் ஷிவாங்கி சிங்.

கடற்படை: போர்க்கப்பல்களில் பெண் அதிகாரிகள் பணியாற்றுகின்றனர். அக்னிபத் திட்டத்தில் 270-க்கும் மேற்பட்ட பெண்கள் அடங்கிய முதல் அணி, 2023 மார்ச்சில் ஒடிசாவின் சில்காவில் பயிற்சி முடித்தது. அதே ஆண்டு இறுதியில் பிரேர்ணா தேவஸ்தலி, ஐஎன்எஸ் திரிங்கட் கப்பலுக்குத் தலைமை ஏற்கும் முதல் பெண்ணாகத் தேர்வானார்.

தரைப்படை: சிக்னல்ஸ், பொறியாளர் படை, வான் பாதுகாப்பு, உளவுப் பிரிவு, ராணுவ விமானப் பிரிவு உள்ளிட்டவை திறந்திருக்கின்றன. 2022 மே மாதம் அபிலாஷா பராக் முதல் பெண் போர் ஹெலிகாப்டர் விமானி ஆனார். 2023 ஜனவரியில் பொறியாளர் படையின் கேப்டன் சிவா சௌஹான், சியாச்சினின் குமார் நிலையில் பணியமர்த்தப்பட்டார். 2023 ஏப்ரலில் பீரங்கிப் படையும் திறந்தது. அதன் முதல் 5 பெண் அதிகாரிகள் பயிற்சி முடித்ததும் சென்னை ஓடிஏ-வில்தான்.

இன்னும் மூடியிருப்பவை: காலாட்படை, டாங்கிகளை இயக்கும் கவசப் படை, இயந்திரமயமாக்கப்பட்ட காலாட்படை. எதிரியோடு நேருக்கு நேர் மோதுபவை இந்தப் பிரிவுகள்தான்.

ஏன் இந்தத் தடை? இரு தரப்பு வாதம் என்ன?

தடை வேண்டும் என்பவர்கள் சொல்வது:

• காலாட்படை வீரர் பெரும் சுமையோடு மலையேற வேண்டும்; காயப்பட்ட சக வீரரைத் தூக்கி வர வேண்டும்.

• எதிரியிடம் பிடிபட்டால் பெண்களுக்கு ஆபத்து அதிகம்.

• எல்லைப் பதுங்கு குழிகளில் ஒரு சிலர் மாதக்கணக்கில் ஒன்றாகத் தங்க வேண்டியிருக்கும். தனி வசதி செய்ய இடமில்லை.

தடை கூடாது என்பவர்கள் சொல்வது:

• தகுதித் தேர்வை எல்லோருக்கும் ஒரே அளவுகோலில் வையுங்கள். தேறுபவர் வரட்டும், தேறாதவர் ஆணானாலும் வேண்டாம்.

• போர் விமானி எதிரி மண்ணில் விழுந்தால் பிடிபட மாட்டாரா? அங்கே பெண்களை அனுமதித்துவிட்டு இங்கே மறுப்பது ஏன்?

• ஏவுகணையும் ட்ரோனும் வந்த பிறகு, முன்வரிசை பின்வரிசை என்ற கோடே மங்கிவிட்டது.

வெளியே அதிகம் பேசப்படாத இன்னொரு விஷயம், பதவி உயர்வு. தரைப்படைத் தளபதி பதவிக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் காலாட்படை, கவசப் படை, பீரங்கிப் படையிலிருந்து வந்தவர்கள். பொறியாளர் படையிலிருந்து ஒருவர் அந்தப் பதவிக்கு வந்ததே 2022-ல் மனோஜ் பாண்டே மூலம்தான் முதன்முறை. ஆக, இரண்டு பிரிவுகளின் கதவு மூடியிருந்தால், உச்சப் பதவிக்கான பாதையும் அந்த அளவுக்குக் குறுகிவிடுகிறது.

மற்ற நாடுகளில் எப்படி?

கனடா 1989-லேயே நீர்மூழ்கிக் கப்பல் தவிர மற்ற எல்லாப் பணிகளையும் பெண்களுக்குத் திறந்தது. அமெரிக்கா 2015 டிசம்பரில் எல்லாப் போர்ப் பணிகளையும் திறப்பதாக அறிவித்தது. பிரிட்டனில் 2018 முதல் எந்தப் பணிக்கும் தடையில்லை. நார்வேயில் ஆண், பெண் இருபாலருக்கும் கட்டாய ராணுவ சேவை உண்டு.

தமிழ்ப் பெண்களுக்கும் ஆயுதப் பயிற்சி புதிதல்ல. 1943-ல் சிங்கப்பூரில் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் ஜான்சி ராணி படைப்பிரிவு உருவானபோது, அதற்குத் தலைமை ஏற்றவர் சென்னையைச் சேர்ந்த மருத்துவர் கேப்டன் லட்சுமி. அதில் சேர்ந்தவர்களில் பலர் மலாயா ரப்பர் தோட்டங்களில் வேலை பார்த்த தமிழ்க் குடும்பத்துப் பெண்கள்.

கல்லிடைக்குறிச்சி மாணவிக்கு என்ன வழி?

தாமிரபரணிக் கரையில், அப்பளத்துக்குப் பெயர் போன கல்லிடைக்குறிச்சியில் படிக்கும் ஒரு மாணவி ராணுவத்தில் சேர நினைத்தால், முக்கியமாக மூன்று வழிகள் உள்ளன.

1. பிளஸ் டூ முடித்தவுடன் - என்டிஏ: யுபிஎஸ்சி ஆண்டுக்கு இருமுறை தேர்வு நடத்துகிறது. வயது பதினாறரை முதல் பத்தொன்பதரைக்குள். திருமணம் ஆகியிருக்கக் கூடாது. கணிதம் 300, பொதுத்திறன் 600 என 900 மதிப்பெண். அதில் தேறினால் எஸ்எஸ்பி நேர்காணலுக்கும் 900 மதிப்பெண். தரைப்படைக்கு எந்தப் பாடப்பிரிவு எடுத்தவரும் எழுதலாம். விமானப்படை, கடற்படைக்கு இயற்பியல், வேதியியல், கணிதம் வேண்டும்.

இங்கே இரண்டு தடைகள். வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே இருக்கும். தமிழ் வழியில் படித்தவர்கள் முன்கூட்டியே தயாராக வேண்டும். அடுத்தது, இடங்கள் மிகக் குறைவு. 2025 அறிவிப்பில் தரைப்படைக்கான 208 இடங்களில் பெண்களுக்கு 10 மட்டுமே.

2. பட்டம் முடித்த பிறகு - சென்னை ஓடிஏ: யுபிஎஸ்சி நடத்தும் சிடிஎஸ் தேர்வு எழுதி வரலாம். கல்லூரியில் என்சிசி 'சி' சான்றிதழ் பெற்றவர்களுக்கு எழுத்துத் தேர்வே இல்லாத தனி வழி உண்டு; நேரடியாக எஸ்எஸ்பி நேர்காணல்தான். அதனால், கல்லூரியில் சேரும்போதே அங்கு என்சிசி இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

3. பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்கு - அக்னிவீர்: தரைப்படையில் பெண்கள் ஜவானாகச் சேர இருப்பது ராணுவக் காவல் பிரிவு. 83 பெண்கள் கொண்ட இதன் முதல் அணி 2021 மே மாதம் பெங்களூருவில் பணியில் சேர்ந்தது. உயரம் 162 செ.மீ. தேவை, 1.6 கி.மீ. ஓட்டத்தில் தேற வேண்டும். பணிக்காலம் 4 ஆண்டுகள். அதன் பிறகு 25 சதவீதம் பேர் வரைதான் தொடர முடியும் என்பதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வயது, உயரம், இடங்களின் எண்ணிக்கை ஆகியவை அறிவிப்புக்கு அறிவிப்பு மாறலாம். விண்ணப்பிக்கும் முன் அந்தந்த ஆண்டின் அதிகாரப்பூர்வ அறிவிப்பைப் படிப்பது அவசியம்.

அடுத்து என்ன?

என்டிஏ-வில் ஆண்களும் பெண்களும் மூன்று ஆண்டுகள் ஒரே மைதானத்தில் ஒன்றாகப் பயிற்சி பெறுகிறார்கள். அது முடிந்து தரைப்படையில் பிரிவு ஒதுக்கும்போது, ஆண் காலாட்படைக்குப் போகலாம். கூடவே பயிற்சி பெற்ற பெண் போக முடியாது. இதை மாற்ற சட்டத் திருத்தம்கூட தேவையில்லை. 12-வது பிரிவின் கீழ் மத்திய அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டாலே போதும்.

அந்த அறிவிக்கை தானாக வருமா, இல்லை இதற்கும் ஒரு பெண் அதிகாரி நீதிமன்றப் படியேற வேண்டுமா என்பதே இப்போதைய கேள்வி.