லைவ் ஆல்பமும் அட்ஜஸ்ட்மென்ட் என்ட்ரியும்

ராக் இசை கேட்கிறவர்களுக்குள் ஒரு பழைய சண்டை உண்டு. உறையில் 'லைவ்' என்று போட்டு விற்கிறார்களே, அதில் எவ்வளவு நிஜமாகவே மேடையில் வாசித்தது? பி.காம். படித்துவிட்டு இருபது வருஷமாக வங்கியில் வவுச்சர் பார்க்கிறவனுக்கு இந்தக் கேள்வி பிடிக்காமல் இருக்குமா?

முதலில் தி ஹூ. 1969 அமெரிக்கச் சுற்றுப்பயணக் கச்சேரிகளைப் பதிவு செய்துவிட்டு, அத்தனையையும் உட்கார்ந்து கேட்க முடியாது என்று டேப்புகளை எரிக்கச் சொன்னவர் பீட் டவுன்ஷெண்ட். அப்புறம் 1970 பிப்ரவரி 14 அன்று லீட்ஸ் பல்கலைக்கழகச் சாப்பாட்டுக் கூடத்தில் ஒன்று, மறுநாள் ஹல் நகரில் ஒன்று என இரண்டு கச்சேரிகளைப் பதிவு செய்தார்கள். ஹல் டேப்பில் முதல் சில பாட்டுகளுக்கு பாஸ் கிட்டாரே விழவில்லை. ஆக, வெளிவந்தது 'லைவ் அட் லீட்ஸ்'. திருட்டு ரெக்கார்டு மாதிரி பழுப்பு அட்டை, ரப்பர் ஸ்டாம்ப் எழுத்து. டேப்பில் கரகர சத்தம் இருக்கும், திருத்தாதீர்கள் என்று லேபிலிலேயே எழுதிவிட்டார்கள். 2010-இல் ஹல் கச்சேரி வந்தபோது லீட்ஸ் பாஸை எடுத்து ஒட்டினார்கள். அதையும் மறைக்கவில்லை.

அடுத்தது டீப் பர்ப்பிள். 'மேட் இன் ஜப்பான்' 1972 ஆகஸ்டில் ஒசாகாவில் இரண்டு நாள், டோக்கியோவில் ஒரு நாள் பதிவானது. மேலே எதுவும் பூசவில்லை என்பது குழுவினரின் வாதம். ஆனாலும் மூன்று ராத்திரியில் எது நன்றாக வந்ததோ அதைப் பொறுக்கித்தான் போட்டார்கள். அதுவும் ஒரு எடிட்டிங் தானே?

இனி எதிர்த்தரப்பு. கிஸ் குழுவின் 'அலைவ்!' 1975-இல் வந்தது. அதற்கு முந்தைய மூன்று ஆல்பங்களும் பெரிதாக விற்கவில்லை, கம்பெனியும் பணமுடையில் இருந்தது. இந்த ஆல்பம்தான் இரண்டு பேரையும் தூக்கி நிறுத்தியது. ஸ்டூடியோவில் நிறையவே சரிசெய்தோம் என்று பிற்பாடு அவர்களே ஒப்புக்கொண்டார்கள். பால் ஸ்டான்லி 2014-இல் எழுதிய சுயசரிதையில் இதற்கு ஒரு நியாயமும் சொல்கிறார்: திரும்பத் திரும்பக் கேட்கப் போகிற ரெக்கார்டில் அதே பிழையை யார் கேட்பார்கள்?

நியாயம்தான். கச்சேரியில் தப்பு ஒரு நொடியில் போய்விடும். ரெக்கார்டில் ஆயுசுக்கும் இருக்கும்.

தின் லிஸ்ஸியின் 'லைவ் அண்ட் டேஞ்சரஸ்' (1978) விவகாரம் இன்னும் வேடிக்கை. தயாரிப்பாளர் டோனி விஸ்கான்டி, முக்கால்வாசி பிறகு ஸ்டூடியோவில் சேர்த்தது என்கிறார். குழுவினரோ, முக்கால்வாசி மேடையில் வாசித்ததே என்கிறார்கள். ஒரே லெட்ஜர், இரண்டு பேலன்ஸ்! :-)

இதனால்தான் எனக்கு ராக் சுயசரிதைகள் பிடிக்கும். அவை முப்பது நாற்பது வருஷம் தாமதமாக வரும் ஆடிட் ரிப்போர்ட். ஆனால் எழுதுகிறவர் தன் கணக்கைத் தானே ஆடிட் செய்கிறார் என்பதை மறக்கக் கூடாது. ஒரு புத்தகத்தை மட்டும் படித்துவிட்டுத் தீர்ப்பு எழுதாதீர்கள். தயாரிப்பாளர் சொல்வதையும் கிட்டார்காரர் சொல்வதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

என் கட்சி இதுதான். அட்ஜஸ்ட்மென்ட் என்ட்ரி போடுவது குற்றமில்லை. ஆனால் கீழே நரேஷன் எழுதியிருக்க வேண்டும். காசு கொடுத்து வாங்குகிறவனுக்கு, கேட்பது அன்றைய ராத்திரியா, மறுமாத ஸ்டூடியோவா என்று தெரிய உரிமை உண்டு. அந்தக் கணக்கில் 'லைவ் அட் லீட்ஸ்' பாஸ். 'அலைவ்!' கேட்க ஜோர், ஆனால் கணக்கு ரொம்ப லேட்டாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து நான்கையும் வரிசையாகக் கேட்டுப் பாருங்கள். புத்தகத்தை அப்புறம் எடுக்கலாம். முதலில் காது சொல்லட்டும்.