போதிதருமரும் புண்ணியக் கணக்கும்

அரவேணுவில் எந்தப் பக்கம் திரும்பினாலும் தேயிலைதான். ஆகவே தேயிலை பிறந்த கதையிலிருந்தே தொடங்குகிறேன். தியானத்தில் உட்கார்ந்த போதிதருமருக்குத் தூக்கம் வந்துவிட்டதாம். கோபத்தில் தன் கண் இமைகளை அறுத்து எறிந்தாராம். அவை விழுந்த இடத்தில் தேயிலைச் செடி முளைத்தது என்பது ஜப்பானில் வழங்கும் கதை.

சரித்திரத்தில் இதற்கு இடமில்லை. அவர் சீனா போவதற்கு முன்பே அங்கே தேநீர் குடித்தார்கள். நம் மலையில், 1835-ல் கேத்தியிலிருந்த அரசு சோதனைப் பண்ணைக்குத் தேயிலைச் செடிகள் வந்தன. பண்ணையை மூடிய பின் கேட்பாரற்றுக் கிடந்த அவற்றைப் பிழைக்க வைத்தவர் பெரோத்தே என்ற பிரெஞ்சுக்காரர். புதுச்சேரியில் தாவரவியல் பணியில் இருந்தவர். பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் எனக்கு இதில் கொஞ்சம் பெருமை.

போதிதருமர் விஷயத்தில் தமிழர் எல்லோருக்குமே பெருமை உண்டு. காஞ்சிபுரத்துக்காரர், பல்லவ இளவரசர் என்கிறோம். 2011-ல் 'ஏழாம் அறிவு' படம் வந்த பிறகு பேரப்பிள்ளைகளுக்கும் அவரைத் தெரியும். ஆனால் பழைய சீன ஏடுகள் வேறு மாதிரிப் பேசுகின்றன. 547-ஐ ஒட்டி லோயாங் நகரத்துக் கோயில்களைப் பற்றி எழுதிய யாங் சுவான்ழி, அவரைப் பாரசீகத் துறவி என்கிறார். அங்கிருந்த பெரிய கோபுரத்தைக் கண்டு வியந்து, கைகூப்பி நின்றாராம். தான்லின் என்பவரோ, அவர் தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாவது மகன் என்று எழுதினார். இந்த இரண்டு ஏடுகளிலும் காஞ்சி என்றோ பல்லவர் என்றோ பெயர் இல்லை.

ஜென் மரபில் அதிகம் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. லியாங் நாட்டு மன்னர் வூ (ஆட்சி 502-549) பெரிய பௌத்த பக்தர். கோயில்கள் கட்டினேன், சூத்திரங்களைப் படியெடுக்கச் செய்தேன், துறவிகளை ஆதரித்தேன், எனக்கு எவ்வளவு புண்ணியம் சேர்ந்திருக்கும் என்று போதிதருமரிடம் கேட்டார். ஒன்றும் இல்லை என்று பதில் வந்தது. திகைத்த மன்னர், அப்படியானால் என் முன்னால் நிற்கும் நீர் யார் என்றார். அதற்கும் தெரியாது என்றே பதில். போதிதருமர் ஆற்றைக் கடந்து வடக்கே போய்விட்டார்.

இந்தச் சந்திப்பும் இருநூறு ஆண்டுகள் கழித்தே ஏட்டில் ஏறியது. நடக்காமலேயே இருந்திருக்கலாம். இருந்தாலும் இமைக் கதையைச் சிரித்துவிட்டு விடுவதுபோல் இதை என்னால் விட முடியவில்லை. நான் சர்க்கார் குமாஸ்தா. சர்வீஸ் ரிஜிஸ்டர், லீவுக் கணக்கு, இன்கிரிமென்ட் என்று எழுதியே வாழ்க்கை போயிற்று. ஓய்வு பெற்றதும் நம்மில் பலர் இன்னொரு ரிஜிஸ்டரைத் திறந்துவிடுகிறோம். காசி போனது ஒரு வரி, அன்னதானம் ஒரு வரி. கோயிலுக்கு ஒரு டியூப் லைட் கொடுத்தால்கூட, வெளிச்சத்தை மறைக்கும் அளவுக்கு 'உபயம்' என்று பெயர் எழுதுகிறோம்.

தர்மம் செய்யாதே என்று கதை சொல்லவில்லை. செய், வரவு வைக்காதே என்கிறது. மழை கைம்மாறு பார்த்தா பெய்கிறது என்று வள்ளுவரும் கேட்டிருக்கிறார். இதைத் தெரிந்துகொள்ள நாம் சீனா வரை போக வேண்டியதில்லை. ஆனால் மன்னனிடமே முகத்துக்கு நேராகச் சொல்லும்போது நமக்கும் உறைக்கிறது.

அத்தனை கோயில் கட்டிய மன்னனுக்கே ஒன்றுமில்லை என்றவர், தம்மை 'எங்கள் ஊர்க்காரர்' என்று சொல்லிக்கொள்வதற்காக நமக்கு ஏதாவது வரவு வைத்திருப்பாரா, நண்பர்களே?