தொலைவும் முதலும்: ஆஸ்திரேலிய இணையத் தொடக்க நிறுவனங்களின் வாய்ப்புகளும் அறைகூவல்களும்

முன்னுரை

ஆஸ்திரேலியாவின் வரலாற்றை எழுதுவோர் தொலைவு என்னும் பொருளைத் தொடாமல் கடப்பது அரிது. வரலாற்றறிஞர் ஜெஃப்ரி பிளெய்னி 1966இல் வெளியிட்ட நூலுக்குத் 'தொலைவின் கொடுங்கோன்மை' எனப் பொருள்படும் தலைப்பையே இட்டார். பிரிட்டனிலிருந்து அந்நாடு விலகிக் கிடந்தமையும், உள்நாட்டு நகரங்கள் ஒன்றையொன்று விட்டு விலகிக் கிடந்தமையும் அதன் வாழ்வையும் வணிகத்தையும் வடிவமைத்தன என்பது அவர் கருத்து. இணையம் பரவத் தொடங்கியபோது இத்தொலைவு மறைந்துவிடும் என்னும் நம்பிக்கை எழுந்தது. அந்நம்பிக்கை எவ்வளவு நிறைவேறியது என்பதை, இணையத்தை முதலாகக் கொண்டு அங்குத் தோன்றிய தொடக்க நிறுவனங்களின் வரலாற்றின்வழி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். செய்திக்கு இருந்த தொலைவு குறைந்தது. முதலீட்டுக்கும் சந்தைக்கும் இருந்த தொலைவு அவ்வளவு எளிதில் குறையவில்லை என்பதே இக்கட்டுரை நிறுவ முற்படும் கருத்தாகும்.

தந்தியிலிருந்து இணையம் வரை

தென் ஆஸ்திரேலியாவின் போர்ட் அகஸ்டாவிலிருந்து வடகரையிலுள்ள டார்வின் வரை ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர் தொலைவுக்கு இடப்பட்ட தந்திக் கம்பி 1872இல் நிறைவுற்றது. அது ஜாவாவிலிருந்து வந்த கடலடி வடத்துடன் இணைந்தது. அதுவரை வாரக்கணக்கில் கப்பலில் வந்த இலண்டன் செய்தி அதன்பின் மணிக்கணக்கில் வந்தடைந்தது. இணையத்தின் வருகையும் இதனையொத்தது. 1989 ஜூன் மாதத்தில் மெல்பேர்ன் பல்கலைக்கழகத்துக்கும் ஹவாய்ப் பல்கலைக்கழகத்துக்கும் இடையே நொடிக்கு 56 கிலோபிட் வேகமுள்ள செயற்கைக்கோள் இணைப்பு ஏற்பட்டது. பல்கலைக்கழகங்கள் ஒன்றுகூடி உருவாக்கிய ஆர்நெட் என்னும் வலையமைப்பே நாட்டின் இணையத்துக்கு வித்திட்டது. அதன் வணிக வாடிக்கையாளர்கள் 1995இல் டெல்ஸ்ட்ரா நிறுவனத்தின் பொறுப்புக்கு மாற்றப்பட்டனர். 2000இல் சதர்ன் கிராஸ் கடலடி வடம் அமெரிக்காவுடனான இணைப்பின் கொள்ளளவைப் பெருக்கியது. ஆயினும், கடல் கடந்து வரும் தரவுக்கு ஆகும் செலவு மிகுதியாக இருந்தமையால், மாதத்துக்கு இவ்வளவு தரவுதான் என அளவிட்டுக் கட்டணம் பெறும் முறை அந்நாட்டு இல்லங்களில் நெடுங்காலம் நீடித்தது.

முதல் தலைமுறை: வரிவிளம்பரம் இடம்பெயர்ந்தமை

முதல் தலைமுறை நிறுவனங்கள் உள்நாட்டுத் தேவையைச் சார்ந்தே தோன்றின. வீடு, வேலை, வாகனம் ஆகிய மூன்றுக்கும் மக்கள் சனிக்கிழமை நாளேட்டின் வரிவிளம்பரப் பக்கங்களையே நாடியிருந்தனர். அப்பக்கங்களின் இடத்தை இணையம் பற்றிக்கொண்டது. 1995இல் மெல்பேர்ன் புறநகர் வீடொன்றின் வாகனக் கொட்டகையில் ரியல் எஸ்டேட் டாட் காம் டாட் ஏயூ தொடங்கப்பெற்றது. 1997இல் பால் பசாட், ஆண்ட்ரூ பசாட், மேத்யூ ராக்மன் ஆகியோர் அதே நகரில் 'சீக்' என்னும் வேலைவாய்ப்புத் தளத்தை நிறுவினர். அவ்வாண்டிலேயே வாகன விற்பனைக்கான 'கார்சேல்ஸ்' தளமும் தோன்றியது. 2000இல் கிரேம் வுட் பிரிஸ்பேனில் 'வாட்டிஃப்' என்னும் விடுதி முன்பதிவுத் தளத்தைத் தொடங்கினார்.

இவை வளர்ந்தமைக்கு உள்ளூர் வழக்கங்களும் காரணமாயின. சான்றாக, ஆஸ்திரேலியாவில் வீட்டு விளம்பரச் செலவைப் பெரும்பாலும் வீட்டை விற்பவரே ஏற்கிறார். தம் வாழ்நாளின் பெருஞ்சொத்தை விற்கும் ஒருவர் விளம்பரத்துக்குச் சில நூறு டாலர் கூடுதலாகத் தரத் தயங்குவதில்லை. இதனால் இணையத் தளம் தன் கட்டணத்தை உயர்த்திக்கொள்ள இயன்றது. இத்தகைய நுட்பங்களை அயல்நாட்டு நிறுவனம் அறிந்து வந்து போட்டியிடுவது எளிதன்று. ஆகவே, தொலைவு இத்தலைமுறைக்கு ஓர் அரணாக அமைந்தது எனலாம். அவ்வரணே எல்லையாகவும் அமைந்தது. இன்றும் மூன்று கோடியை எட்டாத மக்கள்தொகை கொண்ட நாட்டில், ஒரு துறையில் முதலிடம் பெற்ற நிறுவனம் மேலும் வளரக் கடல் கடந்தே ஆகவேண்டும்.

இரண்டாம் தலைமுறை: முதல் நாளிலேயே உலகச் சந்தை

இரண்டாம் தலைமுறை வேறொரு வழியைத் தேர்ந்தது. நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் பயின்ற மைக் கேனன்-புரூக்ஸ், ஸ்காட் ஃபார்குவார் ஆகிய இருவரும் 2002இல் சிட்னியில் 'அட்லாசியன்' நிறுவனத்தைத் தொடங்கினர். கடன் அட்டைகளின் மீது பெற்ற ஏறத்தாழ 10,000 டாலரே அவர்களது முதல். மென்பொருளை நிறுவனங்களுக்கு விற்க வேண்டுமாயின், விற்பனையாளரை அனுப்பி மாதக்கணக்கில் பேசுவது அக்கால வழக்கம். சிட்னியிலிருந்து அமெரிக்காவுக்கு ஆளனுப்ப அவர்களிடம் பணமில்லை. எனவே, விலையைத் தளத்திலேயே வெளிப்படையாக அறிவித்து, எவரும் தரவிறக்கிச் சோதித்துப் பார்த்து வாங்கும் முறையைக் கைக்கொண்டனர். வறுமையும் தொலைவும் கற்பித்த இம்முறை பின்னர் மென்பொருள் வணிகத்தில் பலரும் பின்பற்றும் நெறியாயிற்று. 2010 வரை அந்நிறுவனம் வெளியாரின் துணிகர முதலீட்டைப் பெறவில்லை. அவ்வாண்டில் பெற்ற 6 கோடி அமெரிக்க டாலரும் 'ஆக்செல்' என்னும் அமெரிக்க முதலீட்டு நிறுவனத்திடமிருந்தே வந்தது.

மேற்குக் கரையிலுள்ள பெர்த் நகரத்தின் வரலாறு இன்னும் கடினமானது. மெலனி பெர்கின்ஸும் கிளிஃப் ஆப்ரெக்டும் 2007இல் அங்குப் பள்ளி ஆண்டுமலர்களை இணையத்தின்வழி வடிவமைக்கும் 'ஃபியூஷன் புக்ஸ்' நிறுவனத்தைத் தொடங்கினர். அக்கருத்தை எல்லா வகை வடிவமைப்புக்கும் விரிக்க விரும்பியபோது நூற்றுக்கும் மேற்பட்ட முதலீட்டாளர் மறுத்தனர் என்பது பெர்கின்ஸ் பலமுறை பகிர்ந்துள்ள செய்தி. கேமரன் ஆடம்ஸையும் இணைத்துக்கொண்டு அவர்கள் உருவாக்கிய 'கேன்வா' 2013இல் சிட்னியிலிருந்து வெளிவந்தது. கருத்தில் குறையில்லை என்பதைக் காலம் காட்டிவிட்டது. குறை, கருத்துக்கும் முதலுக்கும் இடையே கிடந்த தொலைவிலேயே இருந்தது.

அறைகூவல்கள்

முதலாவது அறைகூவல் முதலீடு. ராஸ்முசென் உடன்பிறப்புகளான லார்ஸ், ஜென்ஸ் இருவரும் நோயல் கார்டன், ஸ்டீபன் மா ஆகியோருடன் சேர்ந்து சிட்னியில் உருவாக்கிய 'வேர் 2 டெக்னாலஜிஸ்' நிறுவனத்தைக் கூகுள் 2004இல் வாங்கியது. அவர்களது பணியே 2005இல் வெளியான கூகுள் வரைபடத்துக்கு அடிப்படையாயிற்று. மக்வாரி பல்கலைக்கழக ஆய்விலிருந்து 1997இல் கிளைத்த 'ரேடியாட்டா' என்னும் கம்பியில்லா இணைப்புச் சில்லு நிறுவனத்தையும் சிஸ்கோ சில ஆண்டுகளிலேயே வாங்கிக்கொண்டது. இக்காலமெல்லாம் நாட்டில் பணம் இல்லாமலில்லை. 1992 முதல் கட்டாயமாக்கப்பட்ட ஓய்வூதியச் சேமிப்பு நிதிகளில் தொழிலாளரின் பணம் குவிந்துவந்தது. ஆனால் அந்நிதிகள் வங்கி, சுரங்கப் பங்குகள், நிலம், கட்டடம் ஆகியவற்றையே பெரிதும் நம்பின.

இரண்டாவது வரி. தொடக்க நிறுவனத்தால் உயர்ந்த ஊதியம் தர இயலாது; மாற்றாகப் பங்குரிமை அளித்தே திறனுடையோரை ஈர்க்கும். 2009இல் செய்யப்பட்ட சட்டமாற்றம், அப்பங்கினால் ஒரு காசும் கைக்கு வருமுன்னரே ஊழியர் வரி செலுத்தும் நிலையைப் பல நேர்வுகளில் உண்டாக்கியது. இது 2015 ஜூலையில்தான் திருத்தப்பட்டது. 2016 ஜூலை முதல் தொடக்கநிலை முதலீட்டாளருக்கு 20 விழுக்காட்டு வரிச் சலுகையும் மூலதன ஆதாய வரி விலக்கும் கிடைத்தன. ஆறாண்டுத் தாமதம் ஓர் அரசுக்குச் சிறிது. ஆறு மாதச் செலவுக்கு மட்டுமே பணம் வைத்திருக்கும் நிறுவனத்துக்கு அது பெரிது.

மூன்றாவது கட்டமைப்பு. 2009இல் அறிவிக்கப்பட்ட தேசிய அகன்ற அலைவரிசைத் திட்டம் 93 விழுக்காட்டு இடங்களுக்கு ஒளியிழை இணைப்பைத் தருவதாக உறுதியளித்தது. 2013இல் ஆட்சி மாறியபின் பழைய செப்புக் கம்பியும் பயன்படுத்தப்படும் கலப்பு முறையாக அது மாற்றப்பட்டது. 2020இல் அமைப்புப் பணி நிறைவுற்றதாக அறிவித்த பின்னரும், செப்புக் கம்பியை அகற்றி ஒளியிழை இடும் பணி தொடரவேண்டியதாயிற்று.

புலம்பெயர்ந்தோரும் தமிழரும்

நான்காவது அறைகூவலான ஆள்வளம் நம்மவரையும் தொடுகிறது. 2021ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஆஸ்திரேலியாவில் ஏறத்தாழ 95,000 பேர் இல்லத்தில் தமிழ் பேசுகின்றனர். இலங்கைப் போரினால் பெயர்ந்தோரும், திறன்சார் குடியேற்றத்தின்வழித் தமிழகத்திலிருந்து வந்த கணினிப் பணியாளரும் இதில் அடங்குவர். தற்காலிகத் திறன் நுழைவிசைவில் வருபவர், தமக்கு ஆதரவளித்த நிறுவனத்திலேயே பணியாற்றக் கட்டுப்பட்டவர். அப்பணியை விட்டால் அடுத்த ஆதரவாளரைத் தேட 2016 முதல் 60 நாள்களே வழங்கப்பட்டன. 2024 ஜூலையில் இது 180 நாள்களாக நீட்டிக்கப்பட்டது. ஆகவே, துணிவுமிக்க இளமையாண்டுகளில் இவர்கள் பிறர் நிறுவனத்தின் குறிமுறையை எழுதுகின்றனர். நிரந்தர வாழிட உரிமை பெறும்போது வீட்டுக் கடனும் குழந்தைகளின் கல்வியும் முன்னிற்கின்றன. திறனிருந்தும் நிறுவனம் தொடங்காமையைச் சமுதாயத்தின் அச்சமாக மட்டும் கொள்வது பொருந்தாது. அவ்வச்சத்தில் குடியேற்றச் சட்டத்துக்கும் பங்குண்டு.

வாய்ப்புகளும் முடிவும்

வளர்ந்த நிறுவனங்கள் நாட்டிலேயே நிலைத்தனவா என்பது அடுத்த வினா. 'வாட்டிஃப்' 2014இல் எக்ஸ்பீடியாவின் உடைமையாயிற்று. 'அட்லாசியன்' 2015இல் நாஸ்டாக் பங்குச் சந்தையில் இடம்பெற்றது. அதன் தாய் நிறுவனம் முதலில் பிரிட்டனுக்கும், 2022இல் அமெரிக்காவுக்கும் சட்டப்படி இடம் மாறியது. 'ஆஃப்டர்பே' 2022இல் அமெரிக்காவின் 'பிளாக்' நிறுவனத்துடன் இணைந்தது. விதை இங்கு, விளைச்சலின் உரிமை அங்கு என்னும் நிலையை இவை காட்டுகின்றன.

எனினும் இழப்பு முழுமையானதன்று. 'சீக்' நிறுவனரான பால் பசாட் 2012இல் 'ஸ்கொயர் பெக்' என்னும் முதலீட்டு நிறுவனத்தை உருவாக்கியோருள் ஒருவர். அவ்வாண்டில் தோன்றிய 'பிளாக்பேர்ட்' நிறுவனம் 'கேன்வா'வின் தொடக்க முதலீட்டாளருள் ஒன்றாயிற்று. ஒதுங்கியிருந்த ஓய்வூதிய நிதிகள் சிலவும் இத்தகைய முதலீட்டுக் குழுமங்களின்வழித் துணிகர முதலீட்டில் இறங்கின. முதல் தலைமுறை ஈட்டிய பொருளும் பட்டறிவும் அடுத்த தலைமுறைக்கு அருகிலேயே கிடைக்கத் தொடங்கியுள்ளன.

தொகுத்து நோக்கின், கடலடி வடம் செய்தியின் தொலைவை நீக்கியது. முதலின் தொலைவை நீக்க ஒரு தலைமுறையின் வெற்றி தேவைப்பட்டது. வரிச்சட்டமும் குடியேற்றச் சட்டமும் காலத்தே திருந்தினால் அது இன்னும் விரைவில் குறையும். புலம்பெயர்ந்த தமிழருள் நிலைபெற்ற மூத்தோர், வீடும் நிலமும் வாங்குவதோடு அமையாது, தம்மையடுத்து வரும் இளையோரின் முயற்சிக்கும் சிறு முதலளிக்க முன்வருவாராயின், முதலுக்கு இருக்கும் தொலைவு நம் சமுதாயத்துக்கும் குறையும் என்பது இவ்வரலாற்றினின்று பெறப்படும் முடிவாகும்.