நெரிசல்: ஒரு சொல்லும் ஒரு மின்தடமும்

திருவனந்தபுரத்தின் சாலைக் கடைத்தெருவில் சரக்கு இறக்க ஒரு வண்டி நின்றால், பின்னால் வருவன அனைத்தும் நிற்கும். மின்செலுத்துத் தடங்களைப் பற்றிப் பேசுகையிலும் இதே ‘நெரிசல்’ என்னும் சொல்லை ஆள்கிறோம். ஆயினும் இவ்வுவமை பாதி வழியே வருகிறது. மின்சாரம் வரிசையில் காத்து நிற்பதில்லை. சுமை மிகுந்த தடம் துண்டிக்கப்பட்டால், அதன் சுமை அக்கணமே அண்டைத் தடங்களின்மேல் ஏறும். ஆகவே ஒரு தடத்தொகுதி எவ்வளவு தாங்கும் என முன்கூட்டியே கணித்து, அதில் பாதுகாப்புக்கென ஒரு பகுதியை ஒதுக்கி, எஞ்சியதையே வணிகத்துக்கு விடுகின்றனர்.

2008இல் இந்தியாவில் மின்சாரச் சந்தைகள் தொடங்கியபோது இவ்வரம்பு விலையாக வெளிப்பட்டது. தடம் நிரம்பியதும் நாடு முழுமைக்குமான ஒரே விலை பிளவுபடும். மின்சாரம் மிகுந்த பகுதியில் குறைந்தும், பற்றாக்குறைப் பகுதியில் உயர்ந்தும் நிற்கும். கணவாய் அடைபட்டால் அப்பால் ஒரு விலை, இப்பால் ஒரு விலை என்பதைச் சாலை வணிகருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தென்னகம் பல ஆண்டுகள் உயர்ந்த விலையையே கொடுத்தது.

அக்குறுகிய வாயிலே ஒருமுறை காப்பாகவும் அமைந்தது. 2012 ஜூலை 30, 31 ஆகிய நாள்களில், பீனா–குவாலியர் 400 கிலோவோல்ட் தடம் துண்டிக்கப்பட்டதைத் தொடர்ந்து வட இந்தியா இருண்டது. இரண்டாம் நாள் கிழக்கும் வடகிழக்கும் சேர்ந்து வீழ்ந்தன. தால்சேர்–கோலார் போன்ற நேர்மின் இணைப்புகளால் மட்டுமே பிற பகுதிகளோடு பிணைந்திருந்த தென்னகம் தப்பியது. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் தடம் வழியாகத் தென்னகமும் நாட்டின் ஒரே மின்தொகுப்பில் இணைந்தது.

கேரளத்தின் நெரிசல் அதனோடு தீரவில்லை. கூடங்குளத்தின் முதல் அலகு 2013 அக்டோபரில் மின்தொகுப்போடு இணைந்தது. அம்மின்சாரத்தை மாநிலத்தின் நடுப்பகுதிக்குக் கொணர வேண்டிய இடமண்–கொச்சி 400 கிலோவோல்ட் தடம் நிறைவுற்றதோ 2019இல்தான். ஏறத்தாழ 148 கிலோமீட்டர் நீளமுள்ள அத்தடம் ரப்பர்த் தோட்டங்களையும் வீட்டு மனைகளையும் கடக்க வேண்டியிருந்தது. கம்பியின் கீழ் உயர்ந்த மரம் வளர்க்க இயலாது. இழப்பீடு போதாது என்று நிலவுடைமையாளர் எதிர்த்தனர். 2021இல் தொடங்கிவைக்கப்பட்ட புகளூர்–திருச்சூர் நேர்மின் தடமோ, கேரளத்துக்குள் ஒரு பகுதியில் நிலத்தடிக் கேபிளாகவே செல்கிறது. முந்தைய எதிர்ப்பின் நினைவை அதில் காண்கிறேன்.

சந்தை விலை, நெரிசலின் சுமையை யார் ஏற்கின்றனர் என்பதைக் காட்டிவிடுகிறது. நெரிசலைத் தீர்ப்பதன் சுமை யாருடைய தோட்டத்தின்மேல் விழுந்தது என்பது அவ்விலையில் பதிவாவதில்லை. இடமண்–கொச்சித் தடத்தின் வரலாற்றைத் ‘தாமதம்’ என்ற ஒற்றைச் சொல்லால் எழுதினால், அவ்வுழவர்கள் அதில் வெறும் தடையாகவே எஞ்சுவர். மின்தொகுப்பின் வரலாற்றை ஆய்வோர் விலைப்பட்டியலோடு நிலப்பதிவுகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.