13 நிமிஷத்துக்காக ரெண்டாகப் போன பண்டிகை

போன எபிசோடில், சாட்சிகள் பிறை பார்த்துச் சொல்ல, சபை மாதப் பிறப்பை அறிவிக்கும் பழைய யூத வழக்கத்தைப் பார்த்தோம். அறிவிக்கும் உரிமை பாலஸ்தீனத்து அறிஞர்களுக்குத்தான். பிற்பாடு பிறையின் இடத்துக்குக் கணக்கு வந்தது. கணக்கு வந்ததும் சண்டை தீர்ந்திருக்கணும், இல்லையா? தீரவில்லை.

யூதப் புத்தாண்டான ரோஷ் ஹஷானா, திஷ்ரி மாதத்தின் முதல் நாள். அது ஒரு நாள் நகர்ந்தால் 10-ஆம் நாள் உபவாசம், 15-ஆம் நாள் கூடாரப் பண்டிகை எல்லாமே கூட நகரும். விதி என்னன்னா, சராசரிக் கணக்குப்படி அமாவாசை விழும் நாள்தான் புத்தாண்டு. நண்பகலிலோ அதற்குப் பிறகோ விழுந்தால் மறுநாள். அது ஞாயிறு, புதன், வெள்ளியாக இருந்தால் இன்னும் ஒரு நாள் தள்ளணும்.

இந்தக் கணக்கில் ஒரு மணி நேரத்துக்கு 1080 பகுதிகள். 923-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் அமாவாசை விழுந்தது சனிக்கிழமை நண்பகல் தாண்டி 237-ஆவது பகுதியில். அதாவது 13 நிமிஷம் 10 விநாடி தாமதம். பாபிலோனிய அறிஞர்கள், "நண்பகல் தாண்டிடுச்சு, ஞாயிறும் ஆகாது, திங்கள்தான்" என்றார்கள். பாலஸ்தீனத் தலைவர் பென் மெயிர், நண்பகலுக்குப் பிறகும் 642 பகுதி வரை சலுகை உண்டு, அதனால் சனிதான் என்றார். இந்த 642 எங்கிருந்து வந்தது என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள்.

இங்கேதான் எனக்குப் பிடித்த இடம். 923-இல் வரப்போற பிரச்சினை முந்தைய ஆண்டுகளை உடைத்தது. 922-இன் புத்தாண்டைச் செவ்வாயிலேயே விட்டு, 923-ஐ மட்டும் திங்களுக்குத் தள்ளினால் நடுவில் 356 நாள் வரும். சாதாரண ஆண்டுக்கு உச்சவரம்பு 355. ஆக, பாபிலோன் கணக்கில் 922-உம் வியாழனுக்குப் போகணும். அதற்கு முந்தைய ஆண்டிலேயே, நீட்டக் குறைக்க முடிகிற மர்ஹெஷ்வான், கிஸ்லேவ் மாதங்களுக்குத் தலா 30 நாள் வைக்கணும். பென் மெயிர் தலா 29 என்று அறிவித்துவிட்டார்.

விளைவு, 922 வசந்தத்தில் பஸ்கா ஒரு தரப்புக்கு ஞாயிறு, இன்னொரு தரப்புக்குச் செவ்வாய். பஸ்கா நாட்களில் புளித்த மாவு வீட்டில் இருப்பதே பாவம். ஒருத்தர் பண்டிகை முடித்து ரொட்டி சாப்பிடும்போது மற்றவருக்கு அது இன்னும் புனித நாள். இலையுதிர் காலத்தில் இதே கதை யோம் கிப்பூர் உபவாசத்துக்கும். அது இதைவிடப் பெரிய விஷயம்.

எகிப்தில் பிறந்த சாதியா என்ற அறிஞர் அப்போது அலெப்போவில் இருந்தார். கடிதம் மேல் கடிதம் எழுதி, பாபிலோன் பக்கம் வாதாடினார். பென் மெயிர், மாதம் அறிவிக்கும் உரிமை எங்கள் மண்ணுக்கு என்று திருப்பி எழுதினார். இரண்டு பக்கமும் வசை தாராளம். அந்தக் கடிதங்களின் துண்டுகள் கெய்ரோ கெனீசாவில் கிடைத்தன. நிசிபிஸ் நகரத்துக் கிறிஸ்தவப் பேராயர் எலியாவும், மேற்கே செவ்வாயிலும் கிழக்கே வியாழனிலும் யூதர்கள் ஆண்டைத் தொடங்கியதைத் தன் காலவரிசை நூலில் குறித்திருக்கிறார்.

என்னைக் கேட்டால், பென் மெயிர் கணக்கில் தோற்கவில்லை. நண்பகல் எல்லையும் மனுஷங்க போட்ட கோடுதான். பாபிலோன் கல்விக்கூடங்களின் செல்வாக்குக்கு முன்னாடிதான் அவர் நிற்க முடியவில்லை. சாதியா 928-இல் அங்கே சூரா கல்விக்கூடத்தின் தலைவரானார். இன்றைய யூத நாட்காட்டியிலும் அந்த நண்பகல் எல்லைதான் இருக்கிறது.