வரம்புக்கு மேல் நடந்த வாதம், வரம்புக்குள் விடுபட்ட குழந்தைகள்

2007 அக்டோபர் 3 அன்று அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ், குழந்தைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீட்டை விரிவுபடுத்தும் மசோதாவைத் தமது வீட்டோ அதிகாரத்தால் நிராகரித்தார். ஐந்து ஆண்டுகளில் கூடுதலாக 3,500 கோடி டாலர் ஒதுக்கிய மசோதா அது. சிகரெட் பாக்கெட் மீதான வரியை 39 சென்ட்டிலிருந்து ஒரு டாலராக உயர்த்தி அந்தப் பணத்தைத் திரட்டுவதாக ஏற்பாடு. அக்டோபர் 18இல் பிரதிநிதிகள் சபையில் 273 பேர் ஆதரித்தும், வீட்டோவை முறியடிக்க 13 வாக்குகள் குறைந்தன. டிசம்பரில் வந்த இரண்டாவது மசோதாவுக்கும் அதே கதிதான்.

இந்த மோதலை அரசின் பொறுப்புக்கும் தனியார் சந்தைக்கும் இடையிலான கொள்கைப் போராகப் பார்ப்பதே வழக்கம். அந்தப் பார்வை போதாது. எந்த வருமானம் வரை உதவுவது என்று இரு தரப்பும் மல்லுக்கட்டிய காலத்தில், ஏற்கெனவே தகுதி பெற்றிருந்த குழந்தைகள் திட்டத்துக்கு வெளியே நின்றார்கள். ஆய்வாளர் கவனிக்க வேண்டிய இடம் அதுதான்.

திட்டம் பிறந்தது 1997இல். ஜனநாயகக் கட்சியின் எட்வர்ட் கென்னடியும் குடியரசுக் கட்சியின் ஆரின் ஹாட்சும் கைகோத்து முன்னெடுத்தார்கள். ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்ட் கிடைக்காத அளவுக்கு வருமானம் இருந்தும் தனியார் காப்பீடு வாங்க வழியில்லாத குடும்பங்களின் பிள்ளைகளுக்காக வந்தது இது.

புஷ் தரப்பின் ஆட்சேபத்தில் சாரம் இல்லாமல் இல்லை. நியூயார்க் மாநிலம் வறுமைக்கோட்டைப் போல் நான்கு மடங்கு வரை வருமான வரம்பை உயர்த்தக் கேட்டது. நான்கு பேர் குடும்பத்துக்கு அது ஆண்டுக்கு 82,600 டாலர். புதிதாகச் சேரும் ஒவ்வொரு 100 குழந்தைகளுக்கும் 25 முதல் 50 குழந்தைகள் வரை தனியார் காப்பீட்டைக் கைவிடக்கூடும் என்று அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசின் வரவுசெலவு அலுவலகமே மதிப்பிட்டது. ஆனால் இந்தக் கணக்கு கருவூலத்தின் பக்கம் மட்டுமே நின்று போடப்பட்டது. கூடுதல் பிரீமியம் கட்டித் திணறிய பெற்றோருக்குக் கிடைக்கும் நிம்மதிக்கு அதில் இடமில்லை. மேலும், திட்டத்தில் இருந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் வறுமைக்கோட்டின் இரு மடங்குக்கு உட்பட்டவர்களே.

அப்போது காப்பீடு இல்லாமல் இருந்த குழந்தைகள் சுமார் 90 லட்சம் பேர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் நடப்பு விதிகளின்படியே மெடிக்கெய்டுக்கோ இத்திட்டத்துக்கோ தகுதி உடையவர்கள். பதிவு செய்யாததாலோ, புதுப்பிக்கும் படிவம் கைக்கு வராததாலோ வெளியே இருந்தார்கள்.

அதே ஆண்டு பிப்ரவரியில், மேரிலாந்தில் 12 வயதுச் சிறுவன் ஒருவன் பல் தொற்று மூளைக்குப் பரவி இறந்தான். 80 டாலரில் பிடுங்கியிருக்கக்கூடிய பல். இரண்டு மூளை அறுவைச் சிகிச்சைகளும் வாரக்கணக்கான மருத்துவமனை வாசமுமாகச் செலவு இரண்டரை லட்சம் டாலரைத் தொட்டது. நிலையான வீடில்லாத அந்தக் குடும்பத்தின் மெடிக்கெய்ட் இடையில் அறுந்திருந்தது. மெடிக்கெய்டை ஏற்கும் பல் மருத்துவர்களும் அரிது. வருமான வரம்பு அவனுக்கு ஒருபோதும் தடையாக இருக்கவில்லை.

2009 பிப்ரவரி 4 அன்று ஒபாமா கையெழுத்திட்ட சட்டம் இந்த இடத்தைத் தொட்டது. பல் மருத்துவத்தைக் கட்டாயமாக்கியது. பதிவை எளிதாக்கித் தகுதியுள்ள குழந்தைகளைக் கூடுதலாகச் சேர்த்த மாநிலங்களுக்கு ஊக்கத்தொகை தந்தது. வீட்டோக்களைப் பற்றி எழுதப்பட்ட அளவுக்கு இந்தப் பிரிவுகளைப் பற்றி எழுதப்படவில்லை என்பது வருத்தத்துக்குரியது.

செலவு வாதமும் பின்னாளில் வலுவிழந்தது. 2018இல் திட்டத்தைப் பத்தாண்டு நீட்டித்தால் அரசுக்கு 600 கோடி டாலர் மிச்சமாகும் என்றது அதே வரவுசெலவு அலுவலகம். திட்டம் இல்லையென்றால் அரசு மானியத்தோடு வாங்கப்படும் தனியார் காப்பீடு அதைவிட விலை கூடியது. 133 அரசுக் கொள்கைகளை ஒப்பிட்டுப் பொருளியலாளர்கள் நேத்தன் ஹெண்ட்ரென், பென் ஸ்ப்ரங்-கெய்சர் 2020இல் வெளியிட்ட ஆய்வு, ஏழைக் குழந்தைகளின் உடல்நலத்துக்கும் கல்விக்கும் செலவிட்ட பணத்தில் பெரும்பகுதி பிற்காலத்தில் வரியாகத் திரும்பிவந்ததைக் காட்டியது.

ஆனால் தகுதியுள்ள குழந்தைகள் விடுபடும் சிக்கல் தீரவில்லை. கொரோனா பெருந்தொற்றுக் காலத்தில் யாரையும் மெடிக்கெய்டிலிருந்து நீக்கக்கூடாது என்ற விதி இருந்தது. 2023 ஏப்ரலில் அது விலகியதும் லட்சக்கணக்கான குழந்தைகள் காப்பீட்டை இழந்தார்கள். பலருடைய நீக்கத்துக்குக் காரணம் படிவக் குறைபாடு. 2024 ஜனவரி முதல் குழந்தைகளுக்கு 12 மாதத் தடையற்ற காப்பீடு எல்லா மாநிலங்களிலும் கட்டாயம். ஓரிகன் ஒரு படி மேலே சென்று, பிறந்த குழந்தைக்கு ஆறு வயது ஆகும்வரை தொடர்ச்சியை உறுதிசெய்ய 2022இல் அனுமதி பெற்றது. இத்தகைய பல்லாண்டு அனுமதிகளைப் புதுப்பிக்கப்போவதில்லை என்று 2025 ஜூலையில் ஒன்றிய நிர்வாகம் அறிவித்தது. 2007இன் வீட்டோவுக்குக் கிடைத்த வெளிச்சத்தில் சிறு பங்குகூட இந்த அறிவிப்புக்குக் கிடைக்கவில்லை.